தலைமாட்டு ரேடியோ

சுங்கை பினாங் அடுக்குமாடியில் போய்த் திருநாவுக்கரசு வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. லோரி திரு என்று கேட்டால் போதும், கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். விட்டுவிட்டு, "அவரு பேச ஆரம்பிச்சா லேசுல விடமாட்டாரு, பாத்துக்குங்க" என்று காதோடு காதாக ஒரு எச்சரிக்கையும் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள்.

பெயரிலேயே அவர் நாவுக்கு அரசர். நடைமுறையில் நாக்குதான் அவருக்கு அரசன். பேசவும் வேண்டும், தின்னவும் வேண்டும். பிறை துறைமுகத்திலிருந்து ஜொகூர்வரை கொள்கலன் லோரி ஓட்டுகிறவருக்குப் பேச ஆள் கிடைப்பதில்லை. அதனால் ரேடியோவோடு பேசுவார். செய்தி வாசிக்கிறவருக்கு மறுப்புச் சொல்வார். பாட்டு போடுகிற பெண்ணுக்கு, "இதுக்கு முன்ன போட்டது இதவிட நல்லா இருந்துச்சும்மா" என்று ஆலோசனை சொல்வார். ரேடியோ இல்லாத லோரியை அவர் லோரி என்றே ஒத்துக்கொண்டதில்லை.

தின்னும் விஷயத்தில்தான் சிக்கல். சர்க்கரை வியாதி வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அவர் மனைவி நவமணி அன்றைக்கே வீட்டிலிருந்த சீனி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். காப்பி ஓ கோசோங், அதாவது பாலும் இல்லை சீனியும் இல்லை, வெறும் கறுப்பு. தீபாவளிக்கு முறுக்கு மட்டும். அப்படியும் கிளினிக்கில் ரத்தம் எடுக்கும்போதெல்லாம் அளவு இறங்குவேனா என்று நின்றது.

"எப்படிக்கா ஏறுது?" என்று அங்கிருந்த தாதி நவமணியைத்தான் கேட்பாள்.

"அதான் எனக்கும் தெரியல. இவரு காத்தக் குடிச்சாலும் சக்கரை ஏறுது."

திருநாவுக்கரசு அப்போது மேலே சுழலும் மின்விசிறியை மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

காற்றில் சர்க்கரை இல்லை. பினாங் ஸ்ட்ரீட்டில் இருந்தது. அங்கே ஒரு பலகாரக் கடை. எதிரே இருந்த துணிக்கடையில் நவமணியின் சித்தி மகள் வேலை செய்தாள். எனவே திருநாவுக்கரசு மோட்டார் சைக்கிளை அடுத்த சந்தில் நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே போவார். கடைக்காரருக்கு அவர் முகமே தெரியாது. அந்தத் தலைக்கவசத்தைப் பார்த்ததும் ஜாங்கிரியைப் பொட்டலம் கட்டத் தொடங்கிவிடுவார். பொட்டலம் பாலத்தைக் கடந்து பிறைக்குப் போய், லோரிக்குள் ஏறி, கட்டிலுக்கு மேலே இருந்த தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் குடியேறும்.

அந்தக் கட்டிலைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். கம்பெனி புதிதாக வாங்கிய லோரி, உண்மையில் இங்கிலாந்தில் ஓடி ஓய்ந்த லோரி. அதன் தலைவண்டியில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஓர் ஆள் நீட்டிப் படுக்கும்படி கட்டில் இருந்தது. கட்டிலின் தலைமாட்டில், சுவரோடு சுவராக, ஒரு சின்னப் பொத்தான் பலகை. ரேடியோப் பெட்டி முன்னால் இருந்தாலும், படுத்த மேனிக்கே இந்தப் பலகையை அழுத்திச் சத்தம் கூட்டலாம், குறைக்கலாம், நிலையம் மாற்றலாம். அதை முதன்முதலாகப் பார்த்த அன்று திருநாவுக்கரசு, தமக்கு ஏதோ விருது கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தார். ஓய்விடங்களில் நிறுத்தி, கட்டிலில் சாய்ந்து, இடது கையில் ஜாங்கிரி, வலது கையில் பொத்தான் என்று அவர் அனுபவித்த சுகத்தைப் பெரிய முதலாளிமார்கூட அனுபவித்திருக்கமாட்டார்கள்.

அந்தச் சுகத்தில்தான் விழுந்தது இடி.

ஒருநாள் மத்தியானம் தாப்பா ஓய்விடத்தில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கண்ணயர்ந்தார். திடீரென்று, "அக்காமார்களே, சேலை வாங்கலியா!" என்று ஒரு பெண் குரல் தலைமாட்டில் வீறிட்டது. எழுந்த வேகத்தில் மேல்தட்டில் நெற்றி மோதியது. ரேடியோ முழுச் சத்தத்தில் சேலைத் தள்ளுபடியை அறிவித்துக்கொண்டிருந்தது. அவர் தொடவே இல்லை. குறைக்கும் பொத்தானை அழுத்தினார். நிலையம் மாறிச் சீன மொழியில் யாரோ சண்டை போட்டார்கள். மறுபடி அழுத்தினார். மலாய் மொழியில் மழை வரும் என்றார்கள். முன்னால் தாவிப் போய் ரேடியோப் பெட்டியையே அணைத்தார். அது அணைந்து, கொஞ்சம் யோசித்து, தானாகவே மறுபடி எரிந்தது.

அதற்கப்புறம் அது அவரைப் பாடாய்ப் படுத்தியது. சும்மா இருக்கும், சும்மா இருக்கும், திடீரென்று கத்தும். காலையில் வண்டி குளுகுளுவென்றிருக்கும்போது நல்ல பிள்ளை. வெயில் ஏறி நிறுத்திப் போட்டால் பேயாட்டம். பீடோர் அருகே எடை பார்க்கும் அதிகாரி கைகாட்டி நிறுத்திய அன்றுதான் மானமே போனது. அதிகாரி சன்னலருகே வந்து, "பாரம் அளவுக்குள்தானே இருக்கிறது?" என்று மலாயில் பணிவாகக் கேட்டார். திருநாவுக்கரசு வாயைத் திறப்பதற்குள் ரேடியோ முந்திக்கொண்டது. மெலிவதற்கான ஏதோ மூலிகைத் தேநீரின் மலாய் விளம்பரம்.

"எடை கூடிவிட்டதா? வெட்கப்படாதீர்கள்! இன்றே ஒப்புக்கொள்ளுங்கள்!"

அதிகாரி ரேடியோவைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். அவருடைய வயிற்றையும் ஒருமுறை பார்த்தார். பிறகு லோரியை மேடையில் ஏற்றச் சொன்னார். எடை சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அங்கே நின்ற மற்ற டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தது சிரித்ததுதான்.

அவர்களில் ஒருவன் கமால். இதே கம்பெனி, இதே பாதை. எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பான். தேநீர்க் கடையில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டான்.

"ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தாயா?" என்று மலாயில் கேட்டான்.

"பார்த்தேன். பிடுங்கினால் ஊமை. மாட்டினால் பைத்தியம்."

"அப்படியென்றால் அது வயரிங் இல்லை, திரு." கமால் குரலைத் தாழ்த்தினான். "லோரி எங்கிருந்து வந்தது? இங்கிலாந்து. பழைய டிரைவர் அந்தக் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்திருப்பான். வெள்ளைக்காரக் கிழவன். காது மந்தம். அதனால்தான் சத்தமாக வைக்கிறான்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் திருநாவுக்கரசு சிரித்திருப்பார். ஆனால் காது மந்தம் என்ற விவரம் அவரை அசைத்துவிட்டது. இவ்வளவு துல்லியமாக ஒருவன் பொய் சொல்லமாட்டான் என்று தோன்றியது.

அடுத்த நிறுத்தத்தில் ரேடியோ அலறத் தொடங்கியதும், அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, பலகையை நோக்கிப் பேசினார். தமிழில் பேசினால் துரைக்குப் புரியாதே.

"குட் ஆப்டர்நூன், சார். மை நேம் திரு. ப்ளீஸ் சார், வால்யூம், லிட்டில் பிட் ஸ்லோ."

சத்தம் குறைந்தது.

கையில் ரோமமெல்லாம் எழுந்து நின்றது. "தேங்க்யூ, சார்" என்றார். நல்ல மனுஷன்தான், கேட்டால் கேட்கிறார். கேட்கிறவருக்கு நாமும் ஏதாவது செய்யவேண்டாமா? டப்பாவைத் திறந்து, ஒரு ஜாங்கிரியில் பாதியைப் பிட்டு, பலகைக்கு மேல் இருந்த சின்ன விளிம்பில் வைத்தார். மீதிப் பாதியைத் தாமே தின்றார். துரை தனியாகத் தின்றால் கூச்சப்படுவார் அல்லவா.

மறுநாள் பார்த்தால் துரையின் பாதி காணாமல் போயிருந்தது. ஒரு துணுக்குகூட இல்லை.

அதிலிருந்து துரைக்குப் படையல் வாடிக்கையாகிவிட்டது. ஆனால் துரை அடங்குவதாக இல்லை. எவ்வளவு கொடுத்தாரோ அவ்வளவு கத்தினார். ஜாங்கிரிக்குப் பதில் பால்கோவா வைத்துப் பார்த்தார். அன்றைக்கு ரேடியோ ஒரே மூச்சில் எல்லா நிலையங்களையும் சுற்றிவந்தது. கடைசியில், துரையின் கோபத்தைவிடத் தன் தூக்கம் முக்கியம் என்று முடிவுசெய்து, கம்பெனி முதலாளி தவுக்கேயிடம் போய் நின்றார். தவுக்கே கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரிப்பேர் பண்ணிக்கோ" என்பதோடு முடித்துக்கொண்டார்.

ஜுருவில் கிளாடிஸ் என்றொரு பெண் லோரி வயரிங் பட்டறை வைத்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். உரத்த குரல், குட்டை முடி, காதில் எப்போதும் ஒரு பென்சில். தீர்க்காமல் விடமாட்டாள் என்று பெயர். சனிக்கிழமை வரச் சொன்னாள். அன்றைக்கே புக்கிட் மெர்தாஜாமில் நவமணியின் அண்ணன் வீட்டுப் புதுமனை விருந்து. பட்டறையை முடித்துக்கொண்டு அப்படியே விருந்துக்குப் போய்விடலாம் என்று ஏற்பாடு. இந்த ஏற்பாட்டில் இருந்த ஆபத்து திருநாவுக்கரசுவுக்கு உறைக்கவே இல்லை. டப்பாவை மட்டும் முதல்நாளே அப்புறப்படுத்தியிருந்தார். அது போதும் என்று நினைத்தார்.

நவமணி ஃபெரியில் பட்டர்வொர்த் வந்து இறங்கினாள். மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலை, தலையில் மல்லிகை. பின்வண்டியைக் கழற்றிவிட்டுத் தலைவண்டியோடு மட்டும் வந்து நின்றவரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இதுலயா? ஏங்க, இது மாடி வீடு மாதிரி இருக்கு. பட்டுச்சேலையோட எப்படி ஏறுவேன்?"

"பின்னாடி திரும்பாம ஏறு மணி. நான் கீழ நிக்கிறேன்."

"நீங்க கீழ நின்னா விழமாட்டேனாக்கும்?"

ஏறிவிட்டாள். ஏறி உட்கார்ந்ததும் உயரத்திலிருந்து சாலையைப் பார்த்து, தன்னையறியாமல், "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பட்டறையில் கிளாடிஸ் முதலில் எதையும் தொடவில்லை. கேள்விகள்தான் கேட்டாள். எப்போது கத்துகிறது, எப்போது சும்மா இருக்கிறது, வெயிலிலா நிழலிலா. திருநாவுக்கரசு விரிவாகப் பதில் சொன்னார். துரையை மட்டும் தவிர்த்துவிட்டார். கிளாடிஸ் உள்ளே ஏறி ரேடியோவைப் போட்டாள். நவமணியும் கட்டில் ஓரத்தில் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் தானாக ஏறியது.

"பாத்தியா! பாத்தியா! நான் தொடல" என்றார் திருநாவுக்கரசு.

"பாத்தேண்ணே. பொட்டி ஒன்னு, அத வெரட்டறது ரெண்டு பேரு. முன்ன இருக்கற பட்டனு ஒருத்தன், கட்டில்ல இருக்கறவன் இன்னொருத்தன். எவன் குழப்பறான்னு மொதல்ல கண்டுபிடிக்கணும்."

முன்பக்கத்திலிருந்து கட்டில் பலகைக்குப் போகும் வயரின் இணைப்பைக் கழற்றினாள். ரேடியோ உடனே அடங்கியது. காத்திருந்தார்கள். கிளாடிஸ் தன் காப்பியைக் குடித்து முடித்தாள். ரேடியோவில் யாரோ அமைதியாக ஒரு பழைய பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மறுபடி இணைத்தாள். "பத்து வெள்ளிக்கு மூனு தலையணை!" என்று பெட்டி வீறிட்டது. கழற்றினாள். அமைதி.

"கட்டில்காரன்தான் கள்ளன். தொறந்துருவோம்."

திருப்புளியை எடுத்துப் பலகையருகே குனிந்தவள், அப்படியே நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணே, இங்க என்ன பாகு வாசம் அடிக்குது?"

அந்த ஒரு வினாடியில் திருநாவுக்கரசுவுக்கு எல்லாம் விளங்கியது. டப்பாவை எடுத்தார், சரி. டப்பாவிலிருந்து வழிந்தது? இத்தனை நாள் பிசுபிசுத்த விரலால் அழுத்தியது? துரையின் பங்கு?

"தொறக்க வேணாம் கிளாடிஸ்," என்றார் அவசரமாக. "கழட்டியே வச்சிருவோம்லா. எனக்கு ரேடியோ எதுக்கு? அமைதியா இருந்தாத்தான் ஓட்டறதுக்கு நல்லது."

நவமணி அவரை மெல்லத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அமைதி நல்லது என்ற வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

"தொறம்மா கிளாடிஸ்" என்றாள்.

பலகை வெளியே வந்தது. அதோடு எறும்புகளும் வந்தன. சின்னச் சின்னச் சிவப்பெறும்புகள், முட்டைகளைத் தூக்கிக்கொண்டு, திருவிழாக் கூட்டம் மாதிரி. கிளாடிஸ் "அலாமாக்!" என்று கத்திக்கொண்டே கையை உதறினாள். நவமணி பட்டுச்சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு கட்டிலின் மேல் ஏறி நின்றாள். தலை கூரையில் இடித்தது. பலகையின் பின்புறம் முழுக்கப் பொன்னிறத்தில் பாகு உறைந்திருந்தது. சத்தம் கூட்டும் பொத்தானுக்கடியில் ஒரு ஜாங்கிரித் துணுக்கு, ஆரஞ்சு நிறத்தில், மாணிக்கக்கல் பதித்ததுபோல் பளபளத்தது. வெயில் ஏறியதும் எறும்புகள் அங்குமிங்கும் ஓடும். ஓடும் வழியெல்லாம் ரேடியோவுக்கு உத்தரவு.

கிளாடிஸ் அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க ரேடியோவுக்குச் சக்கரை வியாதி."

யாரும் சிரிக்கவில்லை. கிளாடிஸ் மட்டும் கொஞ்சம் சிரித்துவிட்டு, நவமணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"ஏங்க. இது என்ன?"

"அது... அது எனக்கில்ல மணி. துரைக்கு."

"எந்தத் துரைக்கு?"

வேறு வழியில்லாமல் சொன்னார். இங்கிலாந்து, கட்டில், காது மந்தம், பாதி ஜாங்கிரி, காணாமல்போன அதிசயம் எல்லாம். கமால் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார், குற்றத்தில் அவனுக்கும் பங்கு உண்டு என்பதுபோல. கிளாடிஸ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் முதுகு மட்டும் குலுங்கியது.

"சரி. துரைக்குப் பாதி," என்றாள் நவமணி. "மீதிப் பாதி?"

திருநாவுக்கரசு தலைக்கு மேலே பார்த்தார். லோரியில் மின்விசிறி இல்லை.

அவள் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. கட்டிலின் மேலேயே உட்கார்ந்தாள்.

"எனக்கு ஜாங்கிரின்னா உயிரு. தெரியுமா உங்களுக்கு? நீங்க ஆசைப்படுவீங்களேன்னு நானும் விட்டேன். கல்யாண வீட்டுல பாயாசம் ஊத்த வந்தாக்கூட எலைய மூடிருவேன். இத்தன வருஷமா நானும் கோசோங்தான் குடிக்கிறேன். நீங்க பேய்க்கு ஜாங்கிரி வாங்கிக் குடுத்திருக்கீங்க. எனக்கு ஒன்னு வாங்கணும்னு தோணலயே உங்களுக்கு."

பேச்சில் திருநாவுக்கரசு யாருக்கும் தோற்றதில்லை. செய்தி வாசிக்கிறவரைக்கூட மடக்கிவிடுவார். இதற்கோ, "துரை ரொம்பத் தொல்ல குடுத்தாரு" என்று மட்டும் முனகினார். அதற்குத்தான் நவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரித்ததும் கிளாடிஸ் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தாள். பக்கத்துப் பட்டறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

கிளாடிஸ் பலகையைக் காற்றால் ஊதினாள், ஸ்பிரிட் தொட்டுத் துலக்கினாள். மூன்று பொத்தான்கள் பிழைத்தன. சத்தம் கூட்டும் பொத்தான் பிழைக்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் உடைத்துப் போட்டிருந்த இதே வகை லோரி ஒன்றிலிருந்து வேறு பலகையைக் கழற்றி வந்து மாட்டினாள். மேலே தட்டிலிருந்து எதுவும் ஒழுகாதபடி ரப்பர் பட்டையும் ஒட்டினாள்.

"இனிமே இங்க தண்ணி மட்டுந்தான். அதுவும் மூடி போட்ட போத்தல்."

"கேட்டீங்களா?" என்றாள் நவமணி.

"கேட்டேன்" என்றார் திருநாவுக்கரசு.

புதுமனை விருந்தில் நவமணி இலையை மூடவில்லை. பாயாசம் வந்ததும், "நல்லா ஊத்துப்பா" என்றாள். குடித்தாள். கேசரி வந்தது, வாங்கிக்கொண்டாள். பாயாச வாளி திரும்ப வந்தபோது தானே கையைக் காட்டி நிறுத்தி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றையும் கண்ணை மூடிச் சுவைத்துத் தின்றாள். பக்கத்து இலையில் திருநாவுக்கரசு பாகற்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டு, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறாமை இருக்கத்தான் செய்தது. ஆனாலும் இவள் இவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டுப் பார்த்து எத்தனை காலமாகிவிட்டது என்றும் தோன்றியது. வாளிக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டு, "அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து தம்பி" என்றார்.

அதோடு விட்டுவிட நவமணி ஏமாளி இல்லை. அடுத்த ஜொகூர் பயணத்துக்குத் தானும் வருவேன் என்று கிளம்பிவிட்டாள். கட்டிலில் என்ன நடக்கிறது என்று நேரில் பார்க்கவேண்டுமாம். தவுக்கே இந்தத் தடவையும் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார்.

பேராக் எல்லையைத் தாண்டும்வரை முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். திருநாவுக்கரசுவுக்கு ஒரே கொண்டாட்டம். இத்தனை வருடம் ரேடியோவிடம் சொன்னதையெல்லாம் உயிருள்ள ஒரு ஆளிடம் சொன்னார். கோப்பேங் வருவதற்குள் அவள் எழுந்து பின்னால் போய்க் கட்டிலில் சாய்ந்துவிட்டாள்.

"கொஞ்சம் படுக்கிறேங்க. கால் வலிக்குது."

காலா, காதா என்று அவர் கேட்கவில்லை. கால்பந்துச் செய்தியைப் போட்டார். பாதியில் அது சமையல் நிகழ்ச்சியாக மாறியது.

"மணி! ரேடியோ மறுபடி கெட்டுப்போச்சு போல!"

"கெடல. நாந்தான் மாத்தினேன். இந்தப் பட்டனு நல்லா இருக்குங்க."

"நான் பந்துச் செய்தி கேட்டுக்கிட்டிருந்தேன்லா!"

சத்தம் இரண்டு படி கூடியது. அவ்வளவுதான் பதில்.

சற்று நேரத்தில் பின்னாலிருந்து மெல்லிய குறட்டை கேட்டது. முன்னாலிருந்தே நிலையத்தை மாற்றிக்கொள்ளலாம்தான். மாற்றினால் விழித்துக்கொள்வாள். ரேடியோவில் ஓர் அம்மாள் புளிக்குழம்பு வைக்கும் முறையை நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திருநாவுக்கரசு குளிர்காற்றைப் பின்பக்கம் திருப்பிவிட்டு ஓட்டினார். வெந்தயத்தை எண்ணெய் காய்வதற்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று நடுவில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தாழ்ந்த குரலில் அந்த அம்மாளிடமே கேட்டுப் பார்த்தார்.